பாண்டிச்செல்வி நம்பிய தேதி

சிவகாசிக்காரர்களுக்கு ஒரு கோளாறு உண்டு. அச்சில் வந்த தேதியை நாங்கள் சந்தேகிக்க மாட்டோம். ஊர் உலகமெல்லாம் சுவரில் மாட்டிக் கிழிக்கிற காலண்டரை அடித்து அனுப்புகிறவர்கள் நாங்கள். ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடத்துக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிட்டுவிட்டால், அப்புறம் அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. பாண்டிச்செல்விக்கு இந்தக் கோளாறு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல். அவளுடைய வேலையும் நல்ல பெயரும் போனதற்குப் பாதிக் காரணம் அதுதான். மீதிப் பாதிக்குக் காரணம் நான்.

என் பெயர் தங்கப்பாண்டியன். சீனிவாசகம் அண்ணாச்சியின் காலண்டர் கம்பெனியில் டிசைன் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். தினசரித் தாளில் வருகிற நல்ல நேரம், ராகு காலம் எல்லாவற்றையும் கணினியில் தட்டுவதும் நான்தான். ஜோசியர் எழுதிக் கொடுப்பார், நான் தட்டுவேன், அதைப் பார்த்து ஜனங்கள் பெண் பார்க்கக் கிளம்புவார்கள். கம்பெனிக்கு இணையதளம் வேண்டும் என்றானபோது, "ஏலே தங்கம், நீதான கம்ப்யூட்டர்ல ஒக்காந்திருக்க, அதையும் பாரு" என்று அண்ணாச்சி அதையும் என் தலையில் கட்டினார். இணையத்தில் யாரோ எழுதி வைத்திருந்ததை வரிக்கு வரி காப்பியடித்து சர்வர் போட்டேன். அது எப்படி ஓடியது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது.

2018இல் பாண்டிச்செல்வி வந்து சேர்ந்தாள். நாரணாபுரத்துப் பெண். அம்மா சின்னத்தாய் பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறவர். காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் இறக்கிவிட்டுப் போகும். அவளுடைய சின்ன வயதிலேயே அப்பா தவறிவிட்டார். சரம் பின்னிய கூலியில் மகளை விருதுநகர்க் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வைத்தார் அந்த அம்மாள். படித்துவிட்டு சென்னையில் நான்கு வருடம் சர்வர் வேலை பார்த்தவள், அம்மாவுக்கு மூச்சு இரைப்பு வந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டாள்.

வந்த முதல் வாரமே நான் போட்டிருந்த சர்வரைத் திறந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. அதற்காகவே அவளை எனக்குப் பிடித்தது. எல்லாவற்றையும் நான் ஒரே இடத்தில் குவித்து வைத்திருப்பதாகவும், பிரிக்க வேண்டும் என்றும் சொன்னாள். அண்ணாச்சிக்குப் புரியவில்லை. அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்.

"எங்கம்மா வேலை பாக்கிற எடத்துல ஒரு அறைக்கு இத்தன பேருன்னு செவுத்துல எழுதிப் போட்டிருப்பாக அண்ணாச்சி. அறைக்கும் அறைக்கும் நடுவுல எடம் விட்டிருப்பாக. ஒண்ணு புடிச்சாலும் அடுத்தது தப்பிக்கணும்ல? இதுவும் அப்படித்தான். ஒரே பெரிய மெசினுக்குள்ள தடுப்புப் போட்டுத் தனித்தனி அறையா வாடகைக்கு எடுப்போம்."

அப்படித்தான் பதினோரு மெய்நிகர் சர்வர்கள் வந்தன. ஊர் ஊராக ஆர்டர் பிடிக்கிற ஏஜெண்டுகள் டிசைன் பார்க்க ஒன்று, ஆர்டர் போட ஒன்று, கடைப்பெயரும் படமும் அனுப்ப ஒன்று என்று ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அறை.

அடுத்து, 2019 கடைசியில், சர்வரை ஓட்டுவதற்கு எந்த லினக்ஸ் என்ற கேள்வி வந்தது. அதற்கு முன்னால் லினக்சில் இத்தனை வகை எதற்கு என்று அண்ணாச்சிக்குச் சந்தேகம்.

"நம்ம தினசரித் தாள் ஒண்ணுதான அண்ணாச்சி? முருகன் அட்டையில நகைக்கடைப் பேரப் போட்டா அது நகைக்கடைக் காலண்டர். மாதா அட்டையில மருந்துக்கடைப் பேரப் போட்டா மருந்துக்கடைக் காலண்டர். லினக்சும் அந்த மாதிரிதான். உள்ள இருக்கிற தாளு ஒண்ணு, அட்டை போட்டுக் குடுக்கிறவுக வேற வேற. யாரு ஒழுங்காத் தச்சுக் குடுக்காக, எம்புட்டு வருசத்துக்குப் பொறுப்பேத்துக்கிடுதாக, அதப் பாத்துத்தான் எடுக்கணும்."

இரண்டு வாரம் பார்த்தாள். உபுண்டு, டெபியன், சென்ட்ஓஎஸ் என்று மூன்றையும் வரிசையாகப் போட்டுப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் இணையத்தில் பொதுவாக எழுதி வைத்திருக்கிற பிழைப் பட்டியலையும் படித்தாள். மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டே ராசிபலன் பார்ப்பதைப்போல, அவள் தினமும் காலையில் பிழைப் பட்டியல் படிப்பாள். ஒருநாள் எனக்கும் காட்டினாள். ஒவ்வொரு பிழைக்குக் கீழேயும் மூன்று விஷயம் எழுதியிருந்தது: என்ன செய்தேன், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தேன், என்ன நடந்தது. விசாரித்து முடித்ததும் கடைசியில் 'மூடப்படுகிறது' என்று ஒரு வரி.

"யாரும் யாரையும் வையமாட்டாக அண்ணே. தப்புப் பண்ணவனே வந்து, நான் எழுதுனதுதான் காரணம்னு எழுதிட்டுப் போவான். அதப் படிக்கும்போது எனக்குக் கண்ணு கலங்கிரும்" என்றாள்.

நான் போட்டது சென்ட்ஓஎஸ் ஏழு. அவள் தேர்ந்தெடுத்தது எட்டு. ஓட்டை கண்டால் அடைத்துத் தருகிற பராமரிப்பு ஏழுக்கு 2024 வரைதான், எட்டுக்கு 2029 மே மாதம் வரை என்று அவர்கள் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். "ஓடுற வண்டிய எதுக்கு நிறுத்தணும்? ஏழே இருந்துட்டுப் போகட்டுமே" என்றேன் நான். அண்ணாச்சி எல்லோர் முன்னாலும் சிரித்தார். "ஏலே, நீ காப்பியடிச்ச ஆளு. அது படிச்ச பிள்ள." ஒப்புக்கு நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தேன். ஆனால் அது உள்ளே தைத்தது. எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டேன்.

2020 தொடக்கத்தில் பதினோரு அறையையும் எட்டுக்கு மாற்றினாள். ஏஜெண்டுகள் கூட்டத்தில் அண்ணாச்சி, "இனிமே 2029 வரைக்கும் நம்ம சர்வர்ல கைவைக்க வேண்டியதே இல்ல, எங்க செல்வி வாக்குக் குடுத்திருக்கு" என்று அறிவித்தார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தத் தேதியைக் கொட்டை எழுத்தில் அச்சடித்து, லேமினேட் செய்து, தன் மேஜைக்கு மேலே ஒட்டிவைத்தாள். '2029 மே வரை.' வேன் ஏறிச் சரம் பின்னப் போகிறவர் மகளுக்குச் சொத்து என்று வேறு என்ன இருக்கிறது? சொன்ன சொல் தவறாதவள் என்கிற பெயர்தான்.

அந்த வருட டிசம்பரில் ஒரு காலை, டீயைக் கையில் வைத்துக்கொண்டே என் மேஜைக்கு வந்தாள். டீ ஆடை கட்டியிருந்தது.

"அண்ணே, எட்ட அடுத்த வருசக் கடைசியோட முடிச்சுக்கிடுதாகளாம்."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். பக்கத்தைத் திறந்து காட்டினாள். உண்மைதான். சொன்ன தேதிக்கு ஏழரை வருடம் முந்தியே முடிகிறது. பழைய ஏழுக்குச் சொன்ன 2024 மட்டும் அப்படியே நின்றது. அண்ணன் குத்துக்கல்லாக இருக்க, தம்பிக்குக் காரியம் வைத்துவிட்டார்கள். சோம்பேறி நான் சொன்னது சரியாகப் போயிற்று. இரண்டு வாரம் கண்விழித்துப் படித்தவள் ஏமாந்து நின்றாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. அதை நான் மறைக்கப்போவதில்லை.

"துட்டு குடுத்து வாங்கியிருந்தா சண்டைக்காச்சும் போகலாம். சும்மா குடுத்தவுக சட்டையப் புடிச்சு என்னன்னு கேக்க?" என்றாள். நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டார்கள் என்று அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. முகம் சொன்னது.

அண்ணாச்சிக்கு விஷயமே ஏறவில்லை. "ஏம்மா, போட்ட தேதிய எப்படிம்மா மாத்துவாக? நாம மாத்துனா ஏஜெண்டு கடைவாசல்ல வந்து மண்ண வாரித் தூத்துவானே!" பொய் சொல்கிறாளோ என்பதுபோல அவளைப் பார்த்தார். வாக்குக் கொடுத்தவள் அவள்தானே. அவர் கண்ணுக்கு அதை நடத்துகிற அமெரிக்காக்காரனா தெரிவான்?

டெபியனுக்கு மாறிவிடலாம் என்றாள். புதிதாக எதையும் அவசரப்பட்டுச் சேர்க்க மாட்டார்கள், பிழை தீர்ந்தால்தான் வெளியிடுவார்கள், தனி முதலாளி என்று ஒருவர் கிடையாது, ஆயிரம் பேர் கூடிச் செய்வது; ஒருத்தர் மனசு மாறினாலும் தேதி மாறாது என்றாள். "சீசன் முடியட்டும்" என்றார் அண்ணாச்சி. சீசன் முடிந்ததும் கேட்டாள். "ஆடியில தொறக்கும்போது பாத்துக்கிடலாம்." ஆடியில் கேட்டாள். "இப்பத்தான் ஆர்டர் வருது, இப்பப் போயி நோண்டவா? சீசன் முடியட்டும்." இப்படியே 2021 ஓடிப்போனது, 2022இலும் அதே பதில்தான்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். சீசன் முடிந்ததும், தீபாவளிக்குப் பிறகு பட்டாசுக் கம்பெனியைப் பூட்டுவதைப்போல, சர்வர்களையும் பூட்டிவிடுவோம். ஜனவரியில் பதினோரு அறையில் இரண்டு மட்டும் விழித்திருக்கும், ஒன்பது தூங்கும். ஆடிப்பெருக்கன்று ஆல்பத்துக்குப் பூஜை போட்டு, அதே நல்ல நேரத்தில் அண்ணாச்சி கையால் ஒன்பதையும் எழுப்புவோம். சர்வர் இருப்பது எங்கோ மும்பையில். சந்தனம் குங்குமம் வைக்க ஒன்றும் இல்லாததால் மானிட்டருக்கு வைப்போம்.

2022 ஜனவரிக் கடைசியில் ஒரு செய்தி வந்தது. லினக்சில் கூடவே வருகிற ஒரு சின்ன நிரலில் பன்னிரண்டு வருடமாக ஒரு ஓட்டை, ஒருவர் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. சாதாரணப் பயனராக உள்ளே நுழைகிற எவனும் அதன் வழியாக வீட்டுக்கே எஜமானாகிவிடலாம். ஏறக்குறைய எல்லா வகை லினக்சிலும் அது இருந்தது. பராமரிப்பில் இருந்தவற்றுக்கெல்லாம் உடனே மருந்து வந்தது. எங்கள் எட்டுக்குப் பராமரிப்பு முடிந்து இருபத்தைந்து நாள் ஆகியிருந்தது.

செல்வி அசரவில்லை. விழித்திருந்த இரண்டிலும் ஒரே ஒரு கட்டளையைத் தட்டி ஓட்டையைக் கையால் அடைத்தாள். தூங்குகிற ஒன்பதையும் ஆடிக்கு முன்னால் எழுப்ப அண்ணாச்சி சம்மதிக்கவில்லை. ஆடியில் எழுப்பும்போது, முதலில் வெளிக்கதவை மூடி வைத்து எழுப்ப வேண்டும், உள்ளே ஓட்டையை அடைக்க வேண்டும், அப்புறம்தான் கதவைத் திறக்க வேண்டும். பத்து நிமிட வேலை. பூஜையன்று விடிந்ததும் வந்து முடித்துவிடுகிறேன் என்று என்னிடம் சொல்லி வைத்திருந்தாள்.

ஆடிப் பதினெட்டு, புதன்கிழமை. காலையில் சின்னத்தாய்க்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. செல்வி அம்மாவை ஆட்டோவில் போட்டுக்கொண்டு விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அண்ணாச்சிக்குப் போன் அடித்திருக்கிறாள். அவர் பூஜைக்காகப் போனை அணைத்து வைத்திருந்தார். ஒன்பது பத்துக்கு எனக்கு அடித்தாள்.

"அண்ணே, அம்மாவுக்கு ஆவி புடிக்கிறாக. பன்னெண்டுக்குள்ள வந்துருவேன். ஆல்பத்துக்குப் பூசை போடட்டும், சர்வர மட்டும் தொறக்க வேணாம்னு அண்ணாச்சிகிட்டச் சொல்லிருங்க. ஒங்களத்தான் நம்பியிருக்கேன்."

"நான் பாத்துக்கிடுதேன்மா. நீ அம்மாவக் கவனி" என்றேன்.

உள்ளே போனேன். தேனி, திருநெல்வேலி, காரியாபட்டி என்று ஏஜெண்டுகள் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். சூடம் எரிந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி பட்டு வேட்டியில், சந்தனம் வைத்த மானிட்டருக்கு முன்னால், மவுசில் கைவைத்து நின்றார். நல்ல நேரம் ஒன்பதேகாலில் இருந்து பத்தேகால் வரை. நல்ல நேரத்தில் 'வேண்டாம்' என்ற சொல் எங்கள் ஊரில் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. வந்தால் அந்த வருடத்துக்கே அது அபசகுனம், ஆர்டர் குறைந்தால் சொன்னவன் தலையில்தான் விடியும். அந்த ஒன்பதேகாலை ஃபைலில் தட்டியவனே நான். நான் தட்டிய நேரத்துக்கு நானே பயந்தேன்.

பயம் மட்டும்தானா என்றால், இல்லை. 'நீ காப்பியடிச்ச ஆளு' என்ற சிரிப்பு அந்த நேரம் பார்த்துக் காதில் கேட்டது. அவள் இல்லாவிட்டால் பூஜையே நிற்க வேண்டுமா என்று ஒரு எரிச்சல். வாயை மூடிக்கொண்டு மணியை வாங்கி ஆட்டினேன். திரையில் ஒன்பது சர்வருக்கான விளக்கும் வரிசையாகப் பச்சைக்கு மாறின. எல்லோரும் கைதட்டினார்கள். கேசரி கொடுத்தார்கள், சாப்பிட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு வேர்க்க விறுவிறுக்க வந்தாள். விளக்குகளைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"சொல்லலையாண்ணே?"

"சொன்னேம்மா. அண்ணாச்சி கேக்கல. நல்ல நேரம் போயிரும்னுட்டாரு." தொண்டையில் சிக்காமல் வந்தது பொய். அவள் அதை அப்படியே நம்பினாள். உட்கார்ந்து ஒன்பதையும் அடைத்தாள்.

ஒன்பதாம் நாள் காலையில் ஆர்டர் பக்கம் திறக்கவில்லை. கோப்பு ஒன்றுகூடப் படிக்க முடியாதபடி எவனோ பூட்டிவிட்டுப் போயிருந்தான். செல்வி பதிவேடுகளைத் தோண்டி எடுத்தாள். ஒரு ஏஜெண்டு தன் கடைப் பெயரையே கடவுச்சொல்லாக வைத்திருந்தார். அந்தக் கணக்கு வழியாக, ஆடிப் பதினெட்டு காலை ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு ஒருவன் உள்ளே வந்திருக்கிறான். ஓட்டை வழியாக எஜமானாகி, தனக்கென்று ஒரு கள்ளக் கதவு போட்டுக்கொண்டு காத்திருந்திருக்கிறான். அவள் ஓட்டையை அடைத்தபோது திருடன் வீட்டுக்குள்ளேதான் இருந்தான்.

ஞாயிறுதோறும் அவள் எடுத்து வைக்கிற நகல் தனி இடத்தில் பத்திரமாக இருந்தது. ஞாயிறுக்குப் பிறகு வந்த நான்கு நாள் ஆர்டர்தான் போயிற்று. ஏஜெண்டு ஒவ்வொருவராகப் போன் போட்டு, வசவு வாங்கிக்கொண்டே அதையும் மறுபடி எழுதி வாங்கினாள். பழைய அறை எதையும் நம்பாமல், பதினொன்றையும் டெபியனில் புதிதாகக் கட்டினாள். இருபது மாதமாகக் கெஞ்சியும் நடக்காத வேலை ஆறு நாளில் முடிந்தது. முடிந்த மறுநாள் ஆல்ப அறையில் கூட்டம் போட்டார் அண்ணாச்சி. கோபமாக வந்த ஏஜெண்டுகள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"2029 வரைக்கும்னு வாக்குக் குடுத்தது யாரு?" என்று ஆரம்பித்தார்.

"நான்தான் அண்ணாச்சி. அத நான் ஒத்துக்கிடுதேன்" என்றாள் செல்வி. பதிவேட்டுத் தாளை அவர் முன்னால் வைத்தாள். "ஆனா திருடன் வந்தது ஒம்பது அம்பத்திரெண்டுக்கு. அதுக்கு முந்தியே தொறக்க வேணாம்னு தங்கம் அண்ணன்கிட்டச் சொல்லிவிட்டேன். அவுகளும் ஒங்ககிட்டச் சொன்னாக. நீங்கதான் கேக்கல."

"எங்கிட்டயா?" அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "ஏலே தங்கம், எங்கிட்டச் சொன்னியாலே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செல்வியும் பார்த்தாள். அவள் பார்வையில் பயம் துளியும் இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்று அவ்வளவு நிச்சயமாக இருந்தாள். அந்த முகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

"போன் வந்துச்சு அண்ணாச்சி" என்றேன். "அம்மாவுக்கு முடியலன்னு சொல்லுச்சு. வேற ஒண்ணும் சொன்ன மாதிரி ஞாபகம் இல்ல."

பதிவேட்டுத் தாளை அவள் மடித்து எடுத்துக்கொண்டாள். "செஞ்ச தப்ப ஒத்துக்கிடணும்மா, அடுத்தவன் தலையில போடக் கூடாது" என்று அண்ணாச்சி அவளுக்குப் புத்தி சொன்னார். நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலமே கிளம்பினாள். எல்லாக் கடவுச்சொல்லையும் தாளில் எழுதி என்னிடம் கொடுத்து, பதினோரு அறையிலிருந்தும் தன் கணக்கை என் கண் முன்னாலேயே நீக்கினாள். பிறகு சுவரில் ஒட்டியிருந்த '2029 மே வரை' அட்டையைப் பிய்த்து என் மேஜையில் வைத்தாள்.

"அவுக தேதிய மாத்துனாக. ஆனா மாத்திட்டோம்னு ஒரு வருசத்துக்கு முந்தியே ஊரறிய எழுதிப் போட்டாக அண்ணே" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னை அண்ணே என்று கூப்பிட்டதில்லை. பேசியதும் இல்லை.

இப்போது விருதுநகரில் ஒரு மாடி அறையில் இருந்துகொண்டு பருப்பு மில், எண்ணெய் மில்காரர்களுக்கு சர்வர் பார்க்கிறாளாம். சின்னத்தாய் வேன் ஏறுவதை நிறுத்திவிட்டாராம். சிவகாசியில் அவளைக் கூப்பிடுவார் இல்லை; 'தப்பப் பண்ணிட்டு தங்கம் தலையில போடப் பாத்த பிள்ள' என்றுதான் இங்கே பெயர்.

போன வருடம் மனசு கேட்காமல் அண்ணாச்சியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். "அத இப்ப எதுக்குலே சொல்லுத?" என்றார். "போ, அடுத்த வருசத்து ராகு காலம் வந்திருக்கு. தட்டு."

அவள் தன் வாடிக்கையாளர்களுக்காக இணையத்தில் ஒரு பிழைப் பட்டியல் வைத்திருக்கிறாள். யார் வேண்டுமானாலும் எழுதலாம். போன வாரம் அதில் எழுதினேன்.

என்ன செய்தேன்: 2022 ஆடிப் பதினெட்டு காலை 9.10க்கு வந்த அழைப்பில், சொல்லிவிடுகிறேன் என்றேன். என்ன எதிர்பார்க்கப்பட்டது: சொல்வேன் என்று. என்ன நடந்தது: சொல்லவில்லை, சொன்னதாகப் பொய் சொன்னேன், பிறகு, கேள்விப்படவே இல்லை என்றும் பொய் சொன்னேன். காரணம்: நான். பெயர் போட்டு, பெயருக்குக் கீழே ஊரும் போட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்திருந்தது. மில்காரர்களுக்கு எழுதுகிற அதே நடையில் எழுதியிருந்தாள்.

'அழைப்பு நேரம் 9.10 அல்ல, 9.12. மற்ற விவரங்கள் சரி. திருத்த வழியில்லை. மூடப்படுகிறது.'